ஒத்தக்கண் ஆந்தையின் விலை

உட்காருங்க தம்பி, தாராளமா உட்காருங்க. அந்தத் துண்டு என்னுதுதான். இல்லைங்க, ஆள் யாரும் வரலை. ஈரோட்டுல ஏறும்போதே ஜன்னல் வழியா ரெண்டு சீட்டுக்கும் சேர்த்துப் போட்டுட்டேன். பழக்கம். முன்னெல்லாம் நான் துண்டைப் போட்டு இடம் பிடிப்பேன், எங்க ருக்குமணி பின்னாலயே கூடையைத் தூக்கிக்கிட்டு ஏறி வருவா. அவ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷமாச்சு. கை மட்டும் இன்னும் ரெண்டு பேருக்குத்தான் போடுது. சங்ககிரியில ஒருத்தர் வந்து கேட்டார், ஆள் வருதுன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலை. மனுஷன் சேலம் வரைக்கும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னையும் காலி சீட்டையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே வந்தார்.

நீங்க எது வரைக்கும்? ஓசூரா. நான் பெங்களூரு. பையன் அங்க இருக்கான். பூபதின்னு பேரு. அவனைப் பார்க்கத்தான் போறேன். பார்க்கன்னு இல்லை, அவன்கிட்ட ஒரு ஆளைப் பத்தி விசாரிக்கணும். அந்த ஆள் யாரு, எந்த ஊரு, ஆணா பொண்ணா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. ஆனா ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, ஆளைக் காணோம். மனசு கேக்கலைங்க.

சிரிக்காதீங்க. சொல்றேன். தொப்பூர் வர்றதுக்குள்ள உங்களுக்கே விளங்கிடும்.

நான் மாட்டுத் தரகன். அங்கண்ணன்னு சொன்னா எங்க பக்கத்துச் சந்தையில தெரியாத ஆள் கிடையாது. சந்தையில விலை பேசறதைப் பார்த்திருக்கீங்களா? வாயால பேச மாட்டோம். இங்க குடுங்க கையை. இப்படி மேல துண்டைப் போட்டுக்குவோம். உள்ளுக்குள்ள விரலைப் பிடிப்போம். ஒத்த விரல்னா இவ்வளவு, ரெண்டு விரல்னா இவ்வளவு. சுத்தி நூறு பேர் நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. வேண்டாம்னா விரலைத் தட்டி விட்டுடலாம். ஆனா இந்தா, இப்படி மணிக்கட்டைப் பிடிச்சுட்டா பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் கையை உருவக்கூடாது. உருவினா சந்தையில மருவாதி இல்லை. துண்டுக்குள்ள கையை விட்டதும் நான் ஆளைச் சொல்லிடுவேங்க. விரல் வேர்த்திருந்தா அவசரக்காரன். இறுக்கிப் பிடிச்சா வீட்டுல பொண்டாட்டி வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்கா. இத்தனை வருஷத்துல தப்பினதில்லை.

நீங்க கம்பெனிக் கை. மிஷின் எண்ணெய் இன்னும் நல்லாப் போகலை, பாருங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்தப் போன்ல பொம்மைப் படம் வாங்கி விக்கறாங்களே, அது உங்களுக்குத் தெரியுமா? கேள்விப்பட்டிருக்கீங்களா, நல்லதாப் போச்சு. எங்க பூபதி முதல் போனஸ் வாங்கின வருஷம் ஆந்தைப் படம் வாங்கினான். ஒண்ணு ரெண்டு இல்லை, ஒம்பது. அவங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டா. "ஏன்டா, ஊர் உலகத்துல மயிலில்ல, கிளியில்ல? ஆந்தை வீட்டுக்கு ஆகாதுடா." அவன் சொல்றான், "அது வீட்டுக்கே வராதும்மா, போனுக்குள்ளதான் இருக்கும்." "போன் வீட்டுக்குள்ளதானடா இருக்குது!"

மொத்தம் ஐயாயிரம் ஆந்தையாம். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காதாம். ஒண்ணுக்குத் தொப்பி, ஒண்ணுக்குக் கண்ணாடி, ஒண்ணு சுருட்டுப் பிடிக்கும். மாட்டுக்குச் சுழி பார்க்கற மாதிரி அதுக்கும் பார்க்கறாங்க. அவன் வாங்கினதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் என்கிட்ட காட்டினான். தலைப்பாக்கட்டு, வாயோரத்துல ஒரு குச்சி. "உன்னைய மாதிரியே இருக்குதுப்பா"ன்னான். நானும் எந்நேரமும் வேப்பங்குச்சி கடிக்கற ஆள்தான். "போடா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன்.

ருக்குமணி இருந்தவரைக்கும் நானும் அவனும் நேருக்கு நேர் பேசினது கம்மி. அவன் போன் பண்ணினா அவகிட்டப் பண்ணுவான். அவ பேசிட்டு வந்து எனக்குச் சொல்லுவா. நான் ஏதாவது கேக்கணும்னா, "அவன்கிட்ட இதைக் கேளு"ன்னு அவகிட்ட சொல்லுவேன். சண்டை கிண்டை ஒண்ணும் கிடையாது. எங்களுக்கு அப்படியே பழகிப் போச்சு. எங்க ரெண்டு பேர் கைக்கும் மேல கிடந்த துண்டு அவதான்.

அவ போயிட்டா. கருமாதி முடிஞ்சு சொந்தபந்தமெல்லாம் கிளம்பின பிறகு வீட்டுல நாங்க ரெண்டே பேர். நான் இந்த மூலை, அவன் அந்த மூலை. "டீ போடட்டுமாப்பா?" "போடு." அவ்வளவுதான் பேச்சு. ஊருக்குக் கிளம்பற அன்னைக்குப் பையை மாட்டிக்கிட்டு வாசப்படியில நின்னான். போறேன்னும் சொல்லலை, போகவும் இல்லை. செருப்பை மாட்டறான், கழட்டறான். கடைசியில ஒண்ணு சொன்னான்.

"அப்பா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்றியா? எங்க ஆபீஸ்ல உள்ள போறப்பவே போனை வாங்கி லாக்கர்ல பூட்டிடுவாங்க. மத்தியானம் சோத்து நேரத்துல மட்டும் கொஞ்சம் குடுப்பாங்க. என்னால ஆந்தை விலையைக் கவனிக்க முடியலை. நீ நெதமும் பார்த்து வெச்சிரு. சாயங்காலம் நான் கூப்பிட்டுக் கேட்டுக்கறேன்."

எனக்கு என்னடா இங்கிலீஷ் தெரியும்னேன். "நெம்பர் தெரியுமில்லப்பா, அது போதும்"னு சொல்லி, பஸ்ஸை விட்டுட்டு உட்கார்ந்து சொல்லிக் குடுத்தான். அதுக்கு முந்தி அவன் அத்தனை நேரம் என் பக்கத்துல உட்கார்ந்தது அவன் சின்னப் பையனா இருந்தப்பத்தான்.

வேலை என்னன்னா, ஆந்தை வெச்சிருக்கறவன் விக்கணும்னு நினைச்சா, இன்ன விலைக்குத் தர்றேன்னு கடையில மாட்டி வைப்பான். இப்படிப் பல பேர் மாட்டியிருப்பான். அதுல ஆகக் குறைஞ்ச விலை எதுவோ, அதுக்குப் பேர் ஃப்ளோர். தரை. நான் தரைவிலைன்னு சொல்லுவேன். அந்த ஒருத்தன் சொல்ற விலையை வெச்சுத்தான் ஐயாயிரம் ஆந்தைக்கும் மதிப்புப் போடறாங்க. இது என்ன நியாயம்னு கேட்டேன். சந்தையில ஆயிரம் மாடு நிக்கறப்ப, ஒருத்தனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, குறைச்சுச் சொல்றான்னு வெச்சுக்குங்க. அதுக்காக எல்லா மாட்டுக்கும் அதேதான் விலைன்னா அடுக்குமா? "இங்க அப்படித்தான்ப்பா"ன்னான். அதுவும் வித்த விலை இல்லைங்க, சொன்ன விலை. வாங்க ஆள் இருக்கானா இல்லையான்னு அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது. ரூபாய்க் கணக்கும் இல்லை, போனுக்குள்ள ஓடற வேற ஒரு காசு, புள்ளி வெச்ச நெம்பராத்தான் வரும்.

மூணு கடை இருக்கு. கடைன்னா போனுக்குள்ள. மூணையும் திறந்து பார்க்கணும். ஒரு கடையில குறைச்சுக் காட்டும், இன்னொண்ணுல கூடக் காட்டும். மூணுலயும் குறைஞ்சது எதுவோ அதுதான் தரை. அதுலயும் ஏமாத்து உண்டு. இதே ஆந்தையைப் பார்த்து வரைஞ்சு, இதே பேருல கள்ள ஆந்தை விப்பானுக. பேருக்குப் பக்கத்துல நீலக் கலர்ல ஒரு டிக் இருந்தாத்தான் அசல். அப்புறம் செத்த சீட்டுன்னு ஒண்ணு இருக்கு. அது நான் வெச்ச பேரு. விலை மாட்டியிருக்கும், தொட்டுப் பார்த்தா ஆந்தை அங்க இருக்காது, ஆள் வேற பக்கம் ஓட்டிட்டுப் போயிருப்பான். அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது. தொட்டுப் பார்த்துத்தான் சொல்லணும்.

என்னங்க? அதெல்லாம் தானாப் பார்த்துச் சொல்ற கடை இருக்கா? மெசேஜே வந்துடுமா? ஆமா, எங்க பூபதியும் சொன்னான். ஆனா மிஷின் செத்த சீட்டையெல்லாம் சேர்த்துக்குமாம். "மனுஷன் கண்ணால பார்த்துச் சொல்ற மாதிரி வராதுப்பா"ன்னான். அவன் படிச்சவன், சரியாத்தான் சொல்லுவான்.

அன்னையில இருந்து நான் ஒரு நாள் விட்டதில்லை. காலையில ஒருக்கா, மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒருக்கா. டீக்கடையில எல்லாருக்கும் நான்தான் தமாஷ். "ஏனுங் தரகரே, இன்னைக்கு ஆந்தை என்ன வெலைங்?" "உன்னைய வித்தா வர்றதை விடச் சாஸ்திதான்டா"ம்பேன். சொல்லிக்கட்டும். சாயங்காலம் வெளக்கு வைக்கற நேரத்துக்குப் போன் வரும். அது வரணும். எனக்கு அதுதாங்க.

"என்னப்பா, எவ்வளவு?"

"புள்ளி பூஜ்யம் நாலு ரெண்டு."

"நேத்தும் அதானா?"

"அதான்."

"சரி. சாப்டியா?"

"ஆச்சு."

வெச்சுடுவான். விலை அசையாத நாள்ல இவ்வளவுதான் பேச்சு. ஆனா அசைஞ்சிருந்தா வேற. எந்தக் கடையில அசைஞ்சது, எந்த ஆந்தை, தொட்டுப் பார்த்தியா, செத்த சீட்டு இல்லையேன்னு கேப்பான். நானும் சொல்லுவேன். அப்படியே பேச்சு வேற பக்கம் போகும். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, ஓடு மாத்தினது, அவன் ரூம்ல தண்ணி வராதது. ஒரு நாள் அவங்கம்மா வெக்கற புளிக்குழம்பைப் பத்திப் பேசினோம். அன்னைக்கு விலை ரெண்டு தடவை அசைஞ்சிருந்தது.

அப்புறம் அந்த யாவாரம் படுத்துக்கிச்சு. எல்லாரும் பெரிய பெரிய விலையை மாட்டி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டானுக. சந்தை கலைஞ்ச பிறகு கட்டுத்தறி மட்டும் நிக்குமே, அந்த மாதிரி. வாங்கறவனும் இல்லை, விக்கறவனும் இல்லை. இனி எங்க அசையப் போகுதுன்னு எனக்குக் கவலையாப் போச்சு. நாலஞ்சு நாள் "அதான்", "சரி", "ஆச்சு"தான் ஓடிச்சு.

அப்பத்தான் அந்த ஆள் வந்தான்.

புதுசா ஒரு ஆந்தையை மாட்டினான். ஒத்தக்கண்ணை மூடிக்கிட்டு இருக்கற ஆந்தை. கண்ணடிக்குதுன்னும் சொல்லலாம், தூங்குதுன்னும் சொல்லலாம். மத்தவங்களை விடக் குறைச்சு விலை. அதனால அவன் சொன்னதுதான் தரை. அவன் பேரு ஏதோ நீளமா எழுத்தும் நெம்பருமாக் கிடக்கும். கடைசியில நாலு, எட்டு. நான் அவனுக்கு ஒத்தக்கண்ணன்னு பேர் வெச்சேன். மத்தியானம் சோத்து நேரத்துக்கு வருவான். விலையைக் கொஞ்சூண்டு ஏத்துவான். மறுநாள் கொஞ்சூண்டு இறக்குவான். புள்ளிக்கு அப்புறம் கடைசி நெம்பர் மட்டும்தான் மாறும். நெதமும். ஞாயித்துக்கிழமை கூட விட மாட்டான், அன்னைக்கு மட்டும் கொஞ்சம் லேட்டா, தூங்கி எந்திரிச்சு வந்து மாத்துவான் போல.

அவனால எங்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லாமப் போச்சுங்க. "இன்னைக்கு ஒத்தக்கண்ணன் ஏத்திட்டான்டா." "அப்படியா? ஏன்ப்பா ஏத்தியிருப்பான்?" "வீட்டுல யாரோ திட்டியிருப்பாங்க." அவன் சிரிப்பான். பூபதி சிரிச்சு நான் காதால கேட்டது அந்த ஒத்தக்கண்ணன் புண்ணியத்துலதான்.

எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டேன் ஒரு தடவை. "இன்னைக்குப் பார்க்கலைடா, எந்திரிக்க முடியலை"ன்னேன். மறுநாள் பார்த்தா, ஒத்தக்கண்ணன் ஒரே நாள்ல ஏத்தறான், இறக்கறான், மறுபடி ஏத்தறான். பைத்தியக்காரன் மாதிரி. நான் படுக்கையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். காய்ச்சல் போனதே தெரியலை.

பொங்கலுக்குப் பூபதி வந்திருந்தான். அந்த நாலு நாளும் ஒத்தக்கண்ணன் விலையைத் தொடவே இல்லை. திதிக்கு வந்தப்பவும் அப்படித்தான். நான் சொன்னேன், "பாருடா, அவனுக்கும் ஊர் இருக்கும் போல. அவனும் போயிட்டான்." அவன் மாட்டுக்குக் கொம்புல பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தான், திரும்பிப் பார்க்காமயே "இருக்கும்ப்பா"ன்னான்.

நான் ஆளைக் கணிச்சுட்டேங்க. எங்க சந்தைக்கு சித்தோட்டுப் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வருவார். வாரா வாரம் ஒரு மயிலைக் காளையைப் பிடிச்சுக்கிட்டு வருவார். விலை சொல்லுவார். சரின்னு ஒருத்தன் விரலைப் பிடிச்சா ஏத்திடுவார். ஒருத்தனும் வரலைன்னா இறக்குவார். "ஏனுங்க, விக்கற நெனப்பு இருக்குதுங்களா?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "இருக்குது, இருக்குது"ன்னார். சாயங்காலம் காளையோட திரும்பிப் போவார். பின்னாடிதான் தெரிஞ்சது, வீட்டுல ஆள் கிடையாது. துண்டுக்குள்ள நாலு பேர் கையைத் தொடறாங்களே, அதுக்காக வந்திருக்கார். அதை வெச்சு நான் பூபதிகிட்ட சொன்னேன். "அவன் விக்க வரலைடா. பேச வர்றான். பேச ஆளில்லாத பயல்."

அவன் சொன்னான், "நீ சொன்னாச் சரியாத்தான்ப்பா இருக்கும்."

தொப்பூர் ஏத்தம் வந்துடுச்சு பாருங்க. கம்பியைப் பிடிச்சுக்குங்க.

இப்ப என்ன ஆச்சுன்னா, அந்த ஒத்தக்கண்ணன் ஒரு வாரத்துக்கு மேல விலையை மாத்தலை. முந்தின வாரம் சனிக்கிழமை மாத்தினதுதான் கடைசி. தொட்டுப் பார்த்தேன், செத்த சீட்டு இல்லை. ஆந்தை அங்கதான் ஒத்தக்கண்ணை மூடிக்கிட்டு இருக்கு. ஆளைத்தான் காணோம். காய்ச்சல்ல கிடக்கறானோ, ஆஸ்பத்திரியில இருக்கானோ? தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இருக்கா?

பூபதியா? அவனும்தான் கூப்பிடலை. விலை அசையலை, அவன் எதுக்குக் கூப்பிடப் போறான்? நானா ரெண்டு மூணு தடவை அடிச்சேன், எடுக்கலை. அப்புறம் பேசி அனுப்பியிருந்தான். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "வேலை ஜாஸ்திப்பா. அப்புறம் கூப்பிடறேன்." குரல் கட்டியிருந்தது, சளி போல. என் காது நல்ல காதுங்க. பின்னால குக்கர் விசில் கேட்டது. காலையில பதினோரு மணிக்கு ஆபீஸ்ல எங்க இருந்து குக்கர் வந்தது? கேன்டீன் பக்கத்துல நின்னு பேசியிருப்பான். போனையும் அந்நேரத்துல குடுத்திருக்காங்க பாருங்க. நல்ல கம்பெனி.

அதான் கிளம்பிட்டேன். பூபதிகிட்டச் சொன்னா ஏதாவது வழி பண்ணுவான், அந்த நெம்பரை வெச்சு ஆள் யாருன்னு கண்டுபிடிக்க முடியுமான்னு கேக்கணும். அவன்கிட்ட வர்றேன்னு சொல்லலை. சொன்னா எதுக்குப்பாம்பான். நேர்ல போய் நின்னுட்டா, இதுக்குத்தான்டா வந்தேன்னு காரணம் சொல்லலாமில்ல? சும்மா ஒரு காரணமும் இல்லாம மகன் வீட்டுக்குப் போய் நிக்க முடியுங்களா? அவ இருந்தா முறுக்குச் சுட்டு எடுத்துட்டுப் போவா. அது ஒரு காரணம். எனக்கு முறுக்குச் சுடத் தெரியாது.

காவேரிப்பட்டணமா இது? மணி ஒண்ணாகப் போகுதே. பாருங்க, உங்ககிட்டப் பேசினதுல மறந்தே போயிட்டேன். கொஞ்சம் இதைப் பார்த்துச் சொல்லுங்க தம்பி, வெயிலடிச்சுக் கண்ணு தெரிய மாட்டேங்குது. அந்தக் கப்பல் மாதிரி இருக்கறதைத் தொடுங்க, அதுதான் கடை. ஆந்தையைத் தொடுங்க. குறைஞ்சதுல இருந்து வரிசையா வரும். முதல்ல நிக்கறது எவ்வளவு?

மாறியிருக்கா?

நல்லாப் பாருங்க. கடைசி நெம்பர். ஆறா? நேத்து வரைக்கும் மூணு. மாத்திட்டான்! ஒத்தக்கண்ணுதானே? நாலு எட்டுத்தானே? அவனேதான். சாமி, இருக்கான். யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கான்.

என்ன, அந்த நீளப் பேரைத் தொட்டா அவன்கிட்ட இருக்கறதெல்லாம் காட்டுமா? இது எனக்குத் தெரியாதே. பூபதி சொல்லித் தரலை. எத்தனை வெச்சிருக்கான்? ஒம்பதா? எங்க பூபதிகிட்டயும் ஒம்பதுதான். ஐயோ பாவம், அவனும் நம்மளை மாதிரி மாட்டிக்கிட்டவன்தான்.

தலைப்பாக்கட்டு ஆந்தையா? வாயில குச்சியோடயா? அதை விலைக்கு வைக்கவே இல்லையா, எப்பவுமே? ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுன்னு சொன்னான், ஆனா ஐயாயிரத்துல ரெண்டு ஒத்துப் போகாதா என்ன? நாட்டுல எத்தனை பேர் தலைப்பாக் கட்டறான், எத்தனை பேர் குச்சி கடிக்கறான்.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கறீங்க? முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே. பஸ்ஸு ஆட்டம் ஒத்துக்கலையா? எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாருங்க.

இருங்க, போன் அடிக்குது. அட, அவன்தான். இந்நேரத்துல கூப்பிடவே மாட்டானே.

"சொல்லுடா… ம்… மாறியிருக்குடா! ஆமா, ஒத்தக்கண்ணன் வந்துட்டான். மூணு இருந்தது ஆறாயிருக்கு… ஆமா, தொட்டுப் பார்த்தேன்… நானா? வீட்டுலதான் இருக்கேன்… அது ரோட்டுல பஸ் போகுது. ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன்… நீ ஆபீஸ்லயா?… லீவா? சரி, சரி. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?… சாப்டியா?… என்னடா, இன்னும் இல்லையா? மணி என்னாச்சு… சரி. வெச்சுடு."

லீவாம். பின்னால காய்கறி வண்டிக்காரன் கன்னடத்துல கூவிக்கிட்டுப் போறான். ரூம்லதான் இருக்கான். கொஞ்சம் பேச்சு இழுத்து இழுத்து வந்தது. "அப்பா"ன்னான், அப்புறம் ஒண்ணும் சொல்லலை. மறுபடி "அப்பா"ன்னான். சிக்னல் விட்டு விட்டு வந்திருக்கும். மலைப் பக்கமில்ல இது.

கிருஷ்ணகிரி வந்துடுச்சு. சரிங்க தம்பி, அந்தப் பையை எடுத்துக் குடுங்க, நான் இறங்கிக்கறேன்.

ஆமாங்க, பெங்களூருக்குத்தான் டிக்கெட்டு. போகட்டும். அதான் விலை மாறிடுச்சே. ஒத்தக்கண்ணனுக்கும் ஒண்ணுமில்லை, பூபதியும் கூப்பிட்டுட்டான். இனி அங்க போய் நின்னா, "எதுக்குப்பா வந்தே"ன்னு கேப்பான். காலையில அதுக்கு ஒரு பதில் இருந்தது. இப்ப இல்லை. அந்தப் பக்கம் ஈரோட்டு வண்டி நிக்கும், ஏறினா விளக்கு வைக்கறதுக்குள்ள வீடு. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடுவான்.

வழி விடுங்க தம்பி. கண்டக்டர் விசில் ஊதறார் பாருங்க.

என்னங்க? போய்ப் பாருங்கன்னா… யாரை? பூபதியையா? அவனுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கான், லீவுன்னு சொன்னானே. சாப்பிடலைன்னு சொன்னான். ஆமா, சொன்னான். ரெண்டு தடவை அப்பான்னான். அதுவும் சரிதான். ஆனா…

ஏனுங்க, கையை விடுங்க. துண்டுக்குள்ள எதுக்குக் கையை விடறீங்க? இது என்ன சந்தையா? அட, விரலைப் பிடிச்சாலும் தட்டி விடலாம். மணிக்கட்டையே பிடிச்சுட்டீங்களே. நான்தானே சொல்லிக் குடுத்தேன், எனக்கே திருப்பறீங்களா? இப்படிப் பிடிச்சா நான் உருவக்கூடாதுங்க. உருவினா மருவாதி இல்லைங்க. எத்தனை இறுக்கமாப் பிடிக்கறீங்க, வேர்த்திருக்கு பாருங்க. உங்களுக்கு என்ன அவசரம் தம்பி? யாருக்காக இப்படி?

பஸ்ஸு கிளம்பிடுச்சு.

சரி. உட்கார்ந்துட்டேன். விடுங்க, ஓட மாட்டேன். இல்லைன்னா வேண்டாம், கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். என் கையை ஒருத்தர் பிடிச்சு ரொம்ப நாளாச்சு.

ஆனா ஒண்ணு யோசிச்சுச் சொல்லுங்க. கதவைத் திறந்து "எதுக்குப்பா வந்தே"ன்னு கேட்டா என்ன சொல்றது? ஓசூர் வர்றதுக்குள்ள ஒண்ணு கண்டுபிடிக்கணும். நீங்க இறங்கிட்டா எனக்குச் சொல்ல ஆளில்லை.

இப்படிச் சொல்லட்டுங்களா? "விலை மாறியிருக்குதுடா பூபதி. நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

போதுமில்லைங்க, அது?